சிங்கப்பூரில் ஜியோகேஷிங்: கையடக்க ஜிபிஎஸ் கருவியை எந்த வரிசையில் பார்த்து வாங்குவது

யாரோ ஒளித்துவைத்த டப்பியை, அதாவது கேஷை, ஜிபிஎஸ் காட்டும் இடத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். இதற்காக ஜிபிஎஸ் கருவி வாங்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் திரையின் அளவு. எங்கே தேடப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில சமயம் வாங்கிய பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே தேவையில்லாத செலவு பெரும்பாலும் நின்றுவிடும்.

கருவிகளைப் பற்றிய ஆலோசனைகள் பலவும் மலையேறுபவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா உச்சியே சுமார் 164 மீட்டர்தான். நமக்குத் தொல்லை தருபவை வேறு: வானத்தை மூடும் மரங்கள், கண்ணாடிக் கோபுரங்கள், சொல்லாமல் வரும் மழை, வழுக்கும் வியர்வைக் கை. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் பார்க்க வேண்டிய மாடல்களைக் குறைத்துக்கொண்டே வரும்.

1. முதலில் கையிலுள்ள ஃபோனை வைத்துத் தேடுங்கள்

ஜியோகேஷிங் கணக்கு இலவசம். ஆப்பை இறக்கி, கொடுத்த இடத்திலேயே டப்பி இருக்கும் டிரடிஷனல் வகைக் கேஷ்களாகப் பார்த்துச் சிலவற்றைத் தேடுங்கள். ஒவ்வொரு கேஷுக்கும் சிரமம், நிலப்பரப்பு என்று இரண்டு மதிப்பெண் இருக்கும், 1 முதல் 5 வரை, அரை அரையாக. இரண்டும் 2க்குள் இருப்பவற்றில் தொடங்குவது நல்லது.

இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஃபோன் எங்கே கைவிடுகிறது என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். வெயிலில் திரை தெரியவில்லையா, மழைத்துளி பட்டதும் தொடுதிரை தானாக ஓடுகிறதா, மதியத்துக்குள் பேட்டரி தீர்கிறதா, மரத்தடியில் கேஷின் திசையைக் காட்டும் அம்பு சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்.

குறிப்பில் எதுவுமே சேரவில்லை என்றால் கருவி வாங்க அவசரப்பட வேண்டாம். இரட்டை அலைவரிசை வாங்கியுடன் (சிக்னலைப் பெறும் உறுப்பு) வரும் புதிய ஃபோன்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஊருக்குள் இருக்கும் கேஷ்களை மட்டும் தேடுபவர்களுக்கு அவை போதும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் இந்தக் கட்டத்திலேயே புரிந்துவிடும். நானோ வகைக் கேஷ் விரல் நுனி அளவு காந்த டப்பி. கைப்பிடிக் கம்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதை எந்தக் கருவியும் காட்டித் தராது. அது கிடைக்கவில்லை என்பதற்காக விலையுயர்ந்த கருவி வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

2. தேடப் போகும் இடங்களை எழுதி மூன்றாகப் பிரியுங்கள்

அடுத்த சில மாதங்களில் போக விரும்பும் இடங்களைத் தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் திறந்தவெளி, மரநிழல், கட்டடங்களின் நடு என்று பிரியுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, பீஷான்-அங் மோ கியோ பூங்கா போன்றவை திறந்தவெளி. அங்கே எந்தக் கருவியும் சரியாகவே காட்டும், மலிவானதும் போதும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துப் பாதைகள், புக்கிட் தீமா, தெற்கு மேட்டுப் பாதையில் தெலுக் பிளாங்கா குன்றுப் பக்கம், புலாவ் உபின் தீவின் உட்பகுதி இவையெல்லாம் மரநிழல். கையடக்கக் கருவிக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் பலன் தரும். மழை நின்ற உடனே போனால் இலைகள் தண்ணீரைத் தாங்கி நிற்கும். நனைந்த இலைக்கூட்டம் செயற்கைக்கோள் சிக்னலை இன்னும் அதிகமாகக் குறைக்கும்.

ராபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே, நெருக்கமான வீவக புளோக்குகள் ஆகியவை மூன்றாம் வகை. அங்கே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் எல்லாக் கருவிகளும் தடுமாறும். நல்ல கருவியில் தடுமாற்றம் குறையும், ஆனால் மறையாது. உங்கள் பட்டியலில் பெரும்பகுதி இந்த வகையென்றால், கேஷ் பக்கத்தில் உள்ள குறிப்பையும் முன்பு கண்டுபிடித்தவர்கள் எழுதியதையும் கவனமாகப் படிப்பதுதான் கருவியைவிட உதவும்.

3. சிக்னல் வாங்கும் திறனை முதலில் முடிவு செய்யுங்கள்

திரை, வரைபடம், விலை எல்லாவற்றுக்கும் முன்னால் இது. மற்ற குறைகளுக்கு மாற்று வழி உண்டு. வாங்கிய பிறகு மாற்றவே முடியாதது உள்ளே இருக்கும் வாங்கிதான்.

முதலில் பார்க்க வேண்டியது மல்ட்டிபேண்ட் என்ற சொல். பழைய கருவிகள் எல்1 அலைவரிசையை மட்டும் கேட்கும். மல்ட்டிபேண்ட் கருவிகள் எல்5 அலைவரிசையையும் கேட்கும். எல்5 சிக்னலின் குறியீடு பத்து மடங்கு வேகமாக ஓடுவதால், நேராக வந்த சிக்னலையும் மரத்திலோ சுவரிலோ பட்டுத் திரும்பிய சிக்னலையும் கருவியால் நன்றாகப் பிரித்தறிய முடிகிறது. அடர்ந்த மரத்தடியில் அம்பு அலையாமல் நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நாம் இருக்கும் இடத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குச் சுமார் 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்றுச் சிக்னலைத் தாமதப்படுத்தும். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் இந்தப் பாதிப்பு அதிகம். தாமதத்தின் அளவு அலைவரிசைக்கு ஏற்ப மாறுவதால், இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டால் அதைக் கணக்கிட முடியும்.

சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, இந்த அடுக்கு கலங்கிச் சிக்னல் விட்டுவிட்டு வரலாம். இரவில் தேடும்போது நேற்றுவரை ஒழுங்காக இருந்த கருவி திடீரென்று தாவினால் அதைப் பழுதென்று முடிவு கட்டாதீர்கள். மறுநாள் பகலில் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது எந்தெந்தச் செயற்கைக்கோள் கூட்டங்களைக் கருவி கேட்கிறது என்பது. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ மூன்றும் உலகம் முழுவதற்கும் பொது. நமக்குக் கூடுதல் பலன் தருபவை ஆசியாவுக்கு மேலேயே செயற்கைக்கோள்களை நிறுத்தியிருக்கும் சீனாவின் பெய்டோவும் ஜப்பானின் க்யூஇசட்எஸ்எஸும். அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்களை மரங்களும் கட்டடங்களும் மறைத்துவிடும். எத்தனை கூட்டங்களைக் கருவி கேட்கிறதோ அத்தனைக்கு உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பெட்டியில் வாஸ் வசதி என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் அதற்காகக் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். அது வட அமெரிக்காவுக்கான திருத்தச் சேவை. இங்கே அதை நம்பி எதுவும் இல்லை.

மரநிழல் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தால் மல்ட்டிபேண்ட் கட்டாயம். இல்லையென்றால் ஒற்றை அலைவரிசை போதும், மிச்சத்தை அடுத்த படிகளில் செலவழிக்கலாம்.

4. மின்னணுத் திசைகாட்டி உள்ளதா என்று பாருங்கள்

இதைத்தான் புதியவர்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். திசைகாட்டி இல்லாத கருவியும் அம்பு காட்டும். ஆனால் நீங்கள் நடந்துகொண்டிருந்தால் மட்டுமே அந்த அம்பு சரி. நின்றுவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கேஷுக்குப் பக்கத்தில் போனதும் எல்லாரும் நிற்கத்தான் செய்வோம். துல்லியம் வேண்டிய அந்த நேரத்தில்தான் அம்பு பொய் சொல்லும்.

வாங்கும்போது மூன்று அச்சுத் திசைகாட்டி என்று கேளுங்கள். இரண்டு அச்சு என்றால் கருவியைத் தட்டையாகப் பிடித்தே பார்க்க வேண்டும். சரிவில் ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது நடக்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் கார்மின் நிறுவனத்தின் பல மாடல்களில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் சேர்ந்தே வரும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் மாடலில் இரண்டும் இல்லை, 32எக்ஸ் மாடலில் இரண்டும் உண்டு. ஜிபிஎஸ்மேப் 65க்கும் 65எஸ்க்கும் அதே வேறுபாடு. "இங்கே மலையே இல்லை, உயரமானி எதற்கு?" என்று யோசித்து மலிவான மாடலை எடுப்பவர்கள் கூடவே திசைகாட்டியையும் இழந்துவிடுகிறார்கள். உயரமானி நமக்கு வேண்டாம்தான். ஆனாலும் திசைகாட்டிக்காக அந்த மாடலையே எடுங்கள்.

5. பொத்தானா, தொடுதிரையா?

பொத்தான் என்பது என் பரிந்துரை. ஃபோனில் நீங்கள் குறித்துவைத்த தொல்லைகளில் பாதி தொடுதிரையால் வந்தவையாக இருக்கும். மழைத்துளியையும் விரலையும் வேறுபடுத்த அது திணறுகிறது. வியர்த்த விரலை ஏற்க மறுக்கிறது. பொத்தானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கோஆர்டினேட்டை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, ஒவ்வொன்றாகத் தட்டுவது மட்டும் பொத்தானில் மெதுவான வேலை. புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியும் புதிர் கேஷ், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய பல நிலைக் கேஷ் ஆகியவற்றை அதிகம் தேடுபவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றினால் தொடுதிரை எடுக்கலாம்.

திரை பெரிதா சிறிதா என்பதைவிட வெயிலில் தெரிகிறதா என்பது முக்கியம். கையடக்கக் கருவிகளின் திரை வெளியிலிருந்து படும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வகை, அதனால் நடுப்பகல் வெயிலில் ஃபோனைவிடத் தெளிவாக இருக்கும். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அதே திரை மங்கலாகத் தோன்றும். அதை வைத்து ஒதுக்கிவிடாமல், கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

தண்ணீர்க் காப்புக்கு ஐபிஎக்ஸ்7 இருந்தால் போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். மதிய மழைக்கு அது தாராளம்.

6. பேட்டரி

டபுள் ஏ பேட்டரி போடும் கருவி, உள்ளேயே பேட்டரி வைத்த கருவி என்று இரண்டு வகை. ஒரு நாள் முழுக்க வெளியே இருக்கும் வழக்கமென்றால் டபுள் ஏ வசதியானது. தீர்ந்தால் எந்த மினிமார்ட்டிலும் கிடைக்கும். கார்மின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 16 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள், ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் 25 மணி நேரம் வரை. உள்ளேயே பேட்டரி வைத்த ஜிபிஎஸ்மேப் 67 180 மணி நேரம் வரை. பின்விளக்கை எரியவிட்டால் எல்லாமே குறையும்.

மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரிகளில் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். போட்டவுடன் கருவியின் அமைப்பில் பேட்டரி வகையை மாற்றுவது அவசியம். சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல் 1.2 வோல்ட். மாற்றாவிட்டால் நிறைந்த பேட்டரியையும் பாதி தீர்ந்ததாகக் கருவி காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த அமைப்பைப் பற்றித்தான்.

7. கேஷ் விவரம் கருவிக்குள் எப்படி வரும்?

வாங்கும் முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கோஆர்டினேட்டை மட்டும் கையால் தட்டி ஏற்றினால், விளக்கம், குறிப்பு, அளவு எதுவும் கருவியில் இருக்காது. மறுபடி ஃபோனை எடுக்க வேண்டியதுதான்.

முதல் வழி, கேஷ் விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பைக் கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றுவது. பணம் கட்டிய பிரீமியம் உறுப்பினராக இருந்தால் பாக்கெட் குவெரி என்ற வசதியில் ஒரே கோப்பில் 1000 கேஷ் வரை எடுக்கலாம். இரண்டாவது வழி, ஃபோனோடு புளூடூத்தில் இணைத்து ஆப் வழியாகக் கொண்டுவருவது. வீட்டில் கணினியே இல்லை, எல்லாம் ஃபோனில்தான் என்றால் இரண்டாவது வழி உள்ள மாடலாகப் பாருங்கள்.

கேபிள் விஷயத்தையும் கேளுங்கள். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பழைய மினி யுஎஸ்பி துளை கொண்டவை. ஃபோன் கேபிள் பொருந்தாது. பெட்டியில் வரும் கேபிளைப் பத்திரப்படுத்துங்கள்.

வேபாயிண்ட் (கருவியில் குறித்துவைக்கும் புள்ளி) ப்ரொஜெக்ஷன் என்ற வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். "இங்கிருந்து 235 டிகிரியில் 140 மீட்டர்" என்று புதிர் சொன்னால் அந்தப் புள்ளியைக் கருவியே கணக்கிட்டுத் தரும்.

8. வரைபடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து கார்மின் கருவிகளுக்காக உருவாக்கிய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மலேசியா, சிங்கப்பூர் பகுதியை இறக்கிக் கருவியின் கார்மின் கோப்புறையிலோ மைக்ரோ எஸ்டி அட்டையிலோ போட்டால் வேலை முடிந்தது. நடைபாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும் அதில் நன்றாகவே இருக்கும். அட்டை போட இடமுள்ள மாடலாக இருந்தால் மட்டும் போதும்.

9. உங்களுக்குத் தேவைப்படாத வசதிகள்

காற்றழுத்த வானிலை வரைபடம், உள்ளே கேமரா, மலையேற்றக் கணக்குகள் எதுவும் கேஷ் தேட உதவாது.

இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்தி வசதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஃபோன் சிக்னல் இருப்பதால் அது தேவையில்லை. மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். ஜொகூர்ப் பக்கம் குனோங் லேடாங் போன்ற மலைகளுக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

அப்படி வாங்கியிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது அதைப் பெட்டியில் எடுத்துப்போகக் கூடாது. இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இன்ரீச் வைத்திருந்த பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டு வழக்கையும் சந்தித்திருக்கிறார்கள். சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி இந்த அனுபவத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

10. மாடலைப் பெயர் சொல்லிப் பாருங்கள்

இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் முடிவு கிட்டத்தட்டத் தானாக வந்துவிடும்.

திறந்தவெளிதான் அதிகம், செலவு குறைவாக இருக்க வேண்டும் என்றால் ஈட்ரெக்ஸ் எஸ்இ. கறுப்பு வெள்ளைத் திரை, திசைகாட்டி உண்டு, வரைபடம் இல்லை. ஃபோன் ஆப் வழியாக கேஷ் விவரம் வரும். இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 168 மணி நேரம் வரை என்று தயாரிப்பாளர் சொல்கிறார்.

வரைபடம் வேண்டும், மரநிழலில் கொஞ்சம் சமாளித்தால் போதும் என்றால் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ். ஒற்றை அலைவரிசைதான், ஜிபிஎஸும் குளோனாஸும் மட்டும்.

மெக்ரிட்சி, உபின் பக்கம்தான் உங்கள் வாரக் கடைசி என்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ் என் முதல் தேர்வு. மல்ட்டிபேண்ட், பொத்தான், மூன்று அச்சுத் திசைகாட்டி, டபுள் ஏ பேட்டரி என்று மேலே சொன்ன நான்கும் ஒரே கருவியில் அமைகின்றன. அதன் திரை ஃபோனுக்குப் பழகிய கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும், சில நாளில் பழகிவிடும். ஜிபிஎஸ்மேப் 67 இதைவிடப் பெரிய திரையும் பெய்டோவும் சேர்ந்தது, விலையும் கூட. பணம் தடையில்லை என்றால் எடுக்கலாம். கேஷ் தேடுவதற்கு மட்டும் என்றால் அந்த வித்தியாசத்தை நான் கொடுக்க மாட்டேன்.

11. எங்கே வாங்குவது, பழைய கருவியில் எதைப் பார்ப்பது

கையடக்கக் கருவி எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது. கிளம்புவதற்கு முன் ஃபோன் செய்து, உங்களுக்கு வேண்டிய மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது" என்ற பதிலுக்காகப் போகாதீர்கள். எண்ணின் கடைசியில் உள்ள ஓர் எழுத்தில்தான் திசைகாட்டி இருக்கிறது.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகத் தெரிந்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் அனுப்பும் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர்க் கடையில் வாங்கினால் 2012 முதல் நடப்பில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டம் துணைக்கு இருக்கும்: 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும்.

பழைய பொருள்கள் விற்கப்படும் கெரோசல் தளத்தில் தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் எம்ஆர்டி நிலையத்துக்குள் சந்தித்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வானம் தெரியும் இடத்தில் சந்தியுங்கள். பேட்டரியை நீங்களே கொண்டுபோங்கள்.

முதலில் பேட்டரி மூடியைத் திறந்து உலோக முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது, வேண்டாம். அப்புறம் ஓரத்து ரப்பரைத் தடவுங்கள். நம் ஊர் வெப்பத்திலும் வியர்வையிலும் அதன் பசை விட்டுப்போகும். ரப்பர் நழுவினால் தண்ணீர்க் காப்பையும் நம்ப முடியாது. எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள், கேபிள் துளையை அசைத்துப் பாருங்கள். கடைசியாகத் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. மிகப் பழைய கருவி பல ஆண்டு முந்தைய தேதியைக் காட்டினால், இனி அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

12. முதல் நாள் செய்ய வேண்டிய அமைப்புகள்

கருவியை வீட்டுக்குள் வைத்து இயக்கிப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வேறு நாட்டிலிருந்து வந்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வாங்கவே 12.5 நிமிடம் ஆகும். மாடித் தோட்டத்திலோ திடலிலோ அரை மணி நேரம் வைத்துவிடுங்கள்.

அடுத்து மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதன் பிறகுதான் மற்ற அமைப்புகள், ஏனென்றால் புதுப்பித்தல் சிலவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம்.

கோஆர்டினேட் வடிவத்தை டிகிரியும் தசம நிமிடமும் என்று வையுங்கள். கேஷ் பக்கங்களில் 01° 17.512 வடக்கு என்பது போலத்தான் இருக்கும். இதை 17 நிமிடம் 51.2 விநாடி என்று வேறு வடிவத்தில் தட்டினால் சுமார் 630 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். புதியவர்கள் தடுமாறும் இடங்களில் இதற்குத்தான் முதலிடம். கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு தெற்கிலும் கிழக்கு மேற்கிலும் அதே அளவுதான், கணக்குப் போட வசதி.

டேட்டம், அதாவது கோஆர்டினேட்டைக் கணக்கிடும் அடிப்படை, டபிள்யூஜிஎஸ் 84 ஆக இருக்கட்டும். சிங்கப்பூரின் நில அளவை எஸ்விஒய்21 என்ற கட்டத்தில் நடக்கிறது. புதிர் கேஷில் அந்த எண்கள் வந்தால் கருவியின் பயனர் கட்டத்தில் மூலப்புள்ளி 1° 22' வடக்கு, 103° 50' கிழக்கு, கிழக்கு நகர்வு 28001.642, வடக்கு நகர்வு 38744.572, அளவுக் காரணி 1 என்று கொடுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

வழிகாட்டும் முறையை நேர்க்கோடு என்று மாற்றுங்கள். சாலை வழி என்று இருந்தால் அம்பு கேஷைக் காட்டாமல் அடுத்த சாலைத் திருப்பத்தைக் காட்டும். காட்டுப் பாதையில் அது நம்மைத் திரும்பத் திரும்ப ரோட்டுக்கே இழுக்கும்.

திசைகாட்டியை அளவு திருத்துங்கள், ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றிய பிறகும். வாகனத்துக்கும் இரும்புக் கம்பிக்கும் பக்கத்தில் செய்யாதீர்கள். மெக்ரிட்சியின் தொங்குபாலத்திலும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்திலும் காலடியில் எஃகு இருப்பதால் அங்கே அம்பு விலகலாம், பாலத்தைத் தாண்டி வந்து பாருங்கள். உண்மை வடக்கா காந்த வடக்கா என்ற அமைப்பைப் பற்றி இங்கே தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது.

13. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்

கூடைப்பந்துத் திடலின் மூலை போல மாறாத ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை அங்கே நின்று வேபாயிண்ட் குறியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்ற பிறகே குறியுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று சில மீட்டருக்குள் இருந்தால் கருவி நலம். திறந்தவெளியிலேயே மீண்டும் மீண்டும் 15 மீட்டர் விலகினால் திருப்பிக் கொடுங்கள். பிறகு இதையே அடர்ந்த மரத்தடியிலும் செய்யுங்கள். அங்கே விலகல் கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்துகொண்டால் தேடும்போது வட்டத்தை எவ்வளவு விரிப்பது என்று புரியும்.

திரையில் வரும் 3 மீட்டர் துல்லியம் என்ற எண் கருவியின் சொந்த மதிப்பீடு. உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

14. தேடும்போது கடைசிப் பத்து மீட்டர்

கேஷை வைத்தவரின் கருவிக்கும் பிழை உண்டு, உங்களுடையதற்கும் உண்டு. இரண்டும் சேரும். அதனால் பூஜ்யம் என்று காட்டும் புள்ளியைத் துரத்திக்கொண்டு முன்னும் பின்னும் நடக்காதீர்கள். கருவி திரையில் காட்டுவது உங்கள் நடைக்குச் சற்றுப் பின்தங்கியே வரும், வேகமாகப் போனால் தாண்டிவிடுவீர்கள்.

20 மீட்டரில் வேகத்தைக் குறையுங்கள், 10 மீட்டரில் நில்லுங்கள். ஒரு நிமிடம் காத்திருந்து அம்பு காட்டும் திசையை ஒரு மரத்தோடோ கம்பத்தோடோ மனத்தில் கோடு போட்டு வையுங்கள். பிறகு பாதையிலேயே கொஞ்சம் நகர்ந்து, வேறு பக்கத்திலிருந்து அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

அம்பு நேராகக் காட்டுகிறது என்பதற்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். இயற்கை வனப்பகுதிகளில் குறித்த பாதையை விட்டு விலகுவதே குற்றம், செடிகளும் மண்ணும் அழிகின்றன. பெரும்பாலும் இன்னொரு பாதை கேஷுக்குப் பக்கத்திலேயே போகும். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பலகையோ ராணுவ வேலியோ தெரிந்தால் திரும்பிவிடுங்கள். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி காலை 7 முதல் மாலை 7 வரைதான் திறந்திருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். இடி கேட்டால் அன்று தேடுவதை அத்தோடு நிறுத்துங்கள்.

15. நீங்களே கேஷ் வைக்கும்போது

நல்ல கருவி அதிகம் உதவுவது இங்கேதான், ஏனென்றால் உங்கள் பிழையை உங்களுக்குப் பின்னால் வரும் எல்லாரும் சுமக்கிறார்கள். ஒரே தடவை குறித்துவிட்டு வராமல் வேபாயிண்ட் சராசரி வசதியைப் பயன்படுத்துங்கள். 4 முதல் 8 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 90 நிமிட இடைவெளி என்று கார்மின் கையேடு சொல்கிறது. இடைவெளி விடுவதற்குக் காரணம், அதற்குள் செயற்கைக்கோள்கள் வானத்தில் இடம் மாறியிருக்கும், ஒரே பிழை திரும்பத் திரும்பப் பதிவாகாது. ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு மூன்று வாரக் கடைசியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உள்ள வேறு கேஷிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருக்கிறதா என்று கருவியிலேயே அளந்து பாருங்கள். இடத்தை நிர்வகிப்பவரின் அனுமதியை மாதிரி எடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அனுமதி மறுக்கப்பட்ட புள்ளியில் எட்டு மாதிரி எடுத்து வைத்திருந்தால் அத்தனை நேரமும் வீண்.